முறைத்தண்ணீர்

மூணாறு தலைப்புக்கு அரைக் கிலோமீட்டரில்
கரண்ட் பில் கட்டாமல் பூட்டிப்போட்ட அரிசி மில்.
நெல் ஊறிய தொட்டிகளுக்கு நடுவே மைக் நட்டோம்,
ஜெனரேட்டர் ரோட்டோரம், சாக்குப் போர்த்தி.
ஹபீபுல்லா சிம்பலைத் துடைக்கத் துடைக்க
எங்கிருந்தோ உமி வந்துகொண்டே இருந்தது.

அருளப்பன் தரையில் விரித்தது
பொதுப்பணித் துறையின் பழைய வரைபடம்.
நீலக் கோடுகளின் மேல் சிவப்புப் பேனாவில் எங்கள் பெயர்கள்.
ஐம்பத்திரண்டு நிமிடம், ஒரே டேக், வெட்டு ஒட்டு கிடையாது.
முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல் வாசிக்க வேண்டும்.
ஒருவர் மதகு திறந்திருக்க மற்றவர் காய வேண்டும்.
தலைமடை அவருடைய சாக்ஸபோன்.
அடுத்தது பக்கிரிசாமியின் டிரம்பெட்.
பிறகு மங்கையர்க்கரசி,
அவள் பியானோவில் ஒரு கட்டை அமுங்கினால் எழாது,
அந்த மௌனத்தையும் கணக்கில் எழுதியிருந்தார்.
டிரம்ஸ் எல்லாருக்கும் கரை.
வரைபடத்தின் அடியில், உப்பு தொடங்கும் இடத்தில், நான்.
"நீ தலைஞாயிறுதானே" என்றார்,
"உனக்குத் தெரியாததா?"

தெரியும்தான்.
அணையில் பூத்தூவும் படம் பேப்பரில் வந்து
பதினெட்டு நாள் ஆகியும்
எங்கள் வாய்க்காலில் நத்தை ஓடு நொறுங்கும்.

முதல் டேக்கில் லாரி ஹாரன்.
இரண்டாவதில் குச்சி முறிந்தது.
மூன்றாவது, ராத்திரி ஒன்றரை மணிக்கு:
முதலில் மூச்சு மட்டும்,
ஷட்டர் அடியில் கசிவதுபோல், ஸ்வரமே இல்லாமல்.
அப்புறம் அவர் திறந்தார் பாருங்கள்,
தகரக் கூரையில் தூங்கிய புறாக்கள் எழுந்து
சுற்றிவிட்டு, இடம் தெரியாமல் மறுபடி உட்கார்ந்தன.
எனக்கே ஒரு நிமிடம் பொறாமை மறந்துவிட்டது.

பன்னிரண்டு நிமிடம் அவருக்கு.
பத்தொன்பது ஆயிற்று.
பக்கிரிசாமி மூன்று தடவை டிரம்பெட்டைத் தூக்கி இறக்கினார்.
கல்யாணக் கச்சேரிக்காரர், காத்திருந்து பழக்கம்.
தன் பங்கில் ஒரு சொட்டு விட்டுக்கொடுக்கவில்லை அவரும்.
மங்கையர்க்கரசி கண்ணை மூடியே இருந்தாள்.
டபுள் பேஸை அணைத்தபடி நான்,
கம்பிகள் தாமாக அதிராதபடி உள்ளங்கையால் பொத்தி,
சுவர்க் கடிகாரத்தில்
என் ஒன்பது நிமிடம் இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் சேர்த்து வைத்திருந்த எதற்கும் இடமில்லை.
கையை எடுத்தேன்.
கடைசிக் கம்பியில் ஒரு தட்டு.
அது அடங்கும்வரை காத்திருந்தேன்,
தூரத்து இரும்புத் தொட்டி ஒன்று அதே ஸ்வரத்தை
கொஞ்சம் பிசகித் திருப்பிச் சொன்னது.
மறுபடி ஒரு தட்டு.
அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு
அருளப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"ஏழு நிமிஷம் எடுத்துட்டேன். இன்னொரு டேக் போலாமா?"
ஹபீபுல்லா ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.
வேண்டாம் என்றேன்.
இதையே போடுங்கள்.
எடுத்தது கேட்கட்டும்.

ஆல்பம் வந்துவிட்டது.
முடிந்ததென்று நினைத்து
நிறையப் பேர் முன்னாலேயே எழுந்துவிடுகிறார்கள், சொன்னார்கள்.
எழட்டும்.
கடைமடைக்குத் தண்ணீர் வரும்போது சத்தமே இருக்காது.
நண்டு வளையின் வாய்
லேசாகக் கறுக்கும், முதலில்.