ங்க

எங்கள் பக்கம் மரியாதைக்குப் பஞ்சமில்லை.
கடன் வசூலுக்கு வருகிறவனைக்கூட
"வாங்க, உக்காருங்க, மோர் குடிக்கறீங்களா" என்போம்.
கருமத்தம்பட்டி பஸ்ஸில் காலை மிதித்தவன்
"தெரியாம மிதிச்சுட்டனுங்க" என்றால்
மிதிபட்ட காலே
"பரவாயில்லீங்க" என்று சொல்லிவிடும்.

என் வீட்டுக்காரர்
போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டுகிறவர்.
தோட்டத்துக்காரருக்கு ங்க.
கிரேன் ஓட்டும் பீகார்ப் பையனுக்கு,
தமிழே தெரியாது அவனுக்கு,
அவனுக்கும் ங்க.
சிலிண்டர் பதியும்போது
ஒன்றை அழுத்தவும் இரண்டை அழுத்தவும் என்கிற
பதிவுசெய்த குரலிடம் ஒருமுறை
"சரிங்க" என்றார், நானே கேட்டேன்.
வீட்டுக்கு வந்தால்
செருப்போடு சேர்த்து அதையும்
வாசலில் கழற்றிவிடுவார்.
"ஏய்."
"இந்தா."
"எங்க போயித் தொலஞ்ச?"

நல்ல மனுசன் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.
நானும் அதைத்தான் சொல்வேன்.

நான் நீலம்பூரில் காயில் சுற்றுகிறேன்.
"மெல்லிசுக் கம்பிங்க,
பொம்பளை விரலுக்குத்தான் வளையும்" என்பார் முதலாளி.
பாராட்டுத்தான்.
சனிக்கிழமை கவரில் அந்தப் பாராட்டு
லேத் ஓட்டும் குழந்தைவேலுவைவிட
ஆயிரத்து இருநூறு குறைவாக வரும்.
"அவுங்க வெயிட் தூக்கறாங்கல்ல?"
பத்து நாளைக்கு ஒருதரம்
ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிற தண்ணீரை
நாற்பது குடம் மாடிக்கு ஏற்றிவிட்டு வந்த தோளோடு
"ஆமாங்க" என்பேன்.

இந்தக் கம்பெனிக்கு மாறி நாலு மாசம்.
பேர் என்னவென்று வீட்டுக்காரர் கேட்டதில்லை.
சனிக்கிழமை மட்டும் தெரியும்.

ஒரு புதன்கிழமை, ஆபீஸ் பிள்ளை லீவு.
போன் அடித்தது. வார்னிஷ் கையோடு எடுத்தேன்.
"ஏனுங் மேடம், வணக்கமுங்க.
ஏழரை எச்.பி. மோட்டார், காயில் எரிஞ்சு போச்சுங்க.
மக்காச்சோளம் கதிர் புடிக்கற நேரமுங்க.
கொஞ்சம் வெரசாச் சுத்திக் குடுத்தா
உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

பின்னால் லேத் இரைச்சல்.
என் குரல் அவருக்குத் தெரியவில்லை.
அவர் குரலே எனக்கும்
ஒரு நொடி பிடிபடவில்லை,
இத்தனை மெதுவாக அதை நான் கேட்டதில்லை,
பதினோரு வருசத்தில்.
சொல்லியிருக்கலாம்.
"குடுத்தனுப்புங்க, வெள்ளிக்கிழமை ஆயிருமுங்க" என்றேன்.
"ரொம்ப நன்றிங்க மேடம்."
வைத்த பிறகு விரல் மடக்கி எண்ணினேன்.
ஐந்து.
"ஏனுங்"கையும் சேர்த்தால் ஐந்தரை.

மோட்டாரை நானே பிரித்தேன்.
கருகிய கம்பியை இழுக்க இழுக்க
அவர் சட்டையைத் துவைக்கும்போது வருகிற
அதே மணம்.
ஒரு சுற்றுக்கூடக் குறைக்காமல் சுற்றினேன்.

வெள்ளி ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:
"நீலம்பூர்ல ஒரு மேடம் இருக்காங்க.
சொன்னாச் சொன்ன நேரம்.
ஆம்பளைகூட இத்தனை பொறுப்பா இருக்கமாட்டான்.
ஏய், ரசத்தை ஊத்து."

ஊற்றினேன்.
சிரிப்பில் கை ஆடி
பாதி தரையில் சிந்தியது.

துடைத்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டேன்,
"சாமி, சாப்புட வாங்க."
அவனுக்கு ஐந்து வயசு.
தொட்டிலில் கிடந்தபோதே
அவனுக்கு அப்படித்தான்.

ஒன்பது வயசு மதுவந்தி
தம்பிக்குத் தண்ணீர் மோந்து வைத்துவிட்டு
தட்டோடு ஓரமாக நின்றாள்.
அவளை நான் கூப்பிடுகிற சொல்லும்
இரண்டெழுத்துத்தான்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது அது.

விழுங்கிவிட்டு,
"நீங்களும் உக்காருங்க அம்மணி" என்றேன்.

பிள்ளை திரும்பி
வாசலைப் பார்த்தாள்,
யார் வந்திருக்கிறார்கள் என்று.