ஜாகா

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
தலை முழுக்கக் கம்பி ஒட்டினார்கள்.
பகாவ் வரைக்கும் பஸ்ஸில்
அந்தப் பசை முடியில் நாறியது.

காகிதத்தில் அலை அலையாய்:
இடது, அடிபட்ட பக்கம்,
மத்தியானத்திலும் அரைத்தூக்கம்.
வலது மட்டும்
விடிகாலை மூன்றுக்கும் பொடிப்பொடியாய் நடுங்கி
முழித்துக் கிடக்கிறது.
"கண்தான் மூடியிருக்கு, பாக்சிக்"
என்றார் டாக்டர் நூர்ஹயாத்தி.
இதைச் சொல்லக் காகிதம் எதற்கு?

செம்பனை மில்லில் பதினெட்டு வருஷம் ஜாகா நான்.
சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கினவன்,
நாற்காலியில், டார்ச்சு மடியில்.
பாக்கியை இப்போது
மண்டை வசூலிக்கிறது.

வராத வலக்கையை
இடக்கையால் தூக்கித் தலையணையில் வைக்கிறேன்.
மில் சங்கு இன்னும் ஊதவில்லை.
அஞ்சலை தூக்கத்தில் புரண்டு,
"யாரு அங்க?"

நான்தான்.
கேட்டு பூட்டித்தான் இருக்கு.