புள்ளடி

ஸ்கார்பரோ, மார்ச். படிவத்தில் இரண்டு பெட்டிகள்.
ஒன்றில் எட்டுப் பிள்ளைகள், அமைதியான அறை, சின்னப் பஸ்.
மற்றதில் இருபத்தாறு பிள்ளைகளும்
தீயணைப்பு ஒத்திகை மணியும்.

"யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் மிஸஸ் கோவல்ஸ்கி.
ஏழு வருஷமாக வேறென்ன செய்தோம்?

சேந்தன் பேனையை மூடி மூடித் திறந்தான்.
இயலினி மேசைக்கடியில்
ஹீட்டரோடு சேர்ந்து முனகிக்கொண்டிருந்தாள்,
அதே சுருதியில்.

இரண்டாவதில் புள்ளடி போட்டேன்.
அதன் ஒரு கால்
பெட்டிக்கு வெளியே நீண்டுவிட்டது.

செப்டம்பர். பெரிய மஞ்சள் பஸ்.
ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.
முன் இருக்கையில் ஒரு பொடியன்
தன் பையை மடிக்கு எடுத்து இடம் விட்டான்.
அவள் அங்கே இருக்கவில்லை.
பின்னால் போய் இருந்தாள்,
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

பஸ் திரும்பிய பிறகுதான் பார்த்தேன்:
என் கைகளும்
என் காதுகளில்.