நான்கு இருபது

இசை அறைக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.
பக்கத்தில் நூலில் தொங்கும் பென்சில்,
அதன் பின்புறத்தை யாரோ கடித்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம்: நான்கு இருபது.
என் பேருந்து நான்கு முப்பத்தைந்துக்கு,
அதை விட்டால் ஆறு மணிக்கு.
வியாழன் வேதியியல் தேர்வு.
சனி, ஞாயிறு பேக்கரியில் தட்டு கழுவும் வேலை.
கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்.
சமன்பாட்டுக்குள் பாட்டு இருக்கிறது,
நேரம்தான் இல்லை.

"சிக்னே, உனக்குத்தான் ஆடவே வராதே" என்றான் ஓடல்,
வாய் நிறைய ஆப்பிளோடு.
உண்மைதான். என் கால்கள்
பனிக்கட்டியில் இறங்கிய வாத்துகள்.

நேற்றிரவு மோல் கணக்கின் நடுவே
டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
நீளமாய் ஒருமுறை, குட்டையாய் இருமுறை ஊதியது.
பாலம் அப்படியே பதில் ஊதியது.
என்னையறியாமல் மூன்றாவதாய் நானும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
அம்மாவின் தொலைக்காட்சி சட்டென்று அடங்கியது.
தூங்கப் போனாளா, காது கொடுத்தாளா, தெரியாது.
காலையில் அவளும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

பென்சிலை எடுத்து எழுதுகிறேன்.
அழிக்கிறேன்.
மறுபடி எழுதும்போது அழுத்திவிட்டேன் போல,
அடித்தாளிலும் பதிந்திருக்கிறது பெயர்.
அது திரை இழுப்பவர்களின் பட்டியல்.
சரி, அங்கேயும் இருக்கட்டும்.

மணி அடிக்கிறது.
மூன்றாம் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.
மாடிப்படி முழுக்க
பொட்டாசியம் பொட்டாசியம் என்று
ஏதோ ஒரு மெட்டில் இறங்குகிறேன்.