பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால்

அட்டுவம்பட்டியில் எமரென்சி ஒன்பது எண்களை வாசிக்கிறாள்.
ஈரோட்டில் நான் எழுதிக்கொள்கிறேன்,
மின்விசிறிக்குப் பயந்து
காகிதத்தின் மேல் சொம்பை வைத்து.
"நாலு, ஏழு… அடுத்தது ஒண்ணா ஏழான்னு தெரியல அண்ணி,
திரையெல்லாம் ஈரம் பூத்திருக்கு."
துடைச்சுட்டுப் பாரு.
ஏழுதான்.

அவளுடைய இரண்டு அறைகளுக்கும்
கோடையில் ஆள் பதிவது நான்.
மாடியறை ஒன்று,
ப்ளம்ஸ் மரத்தைப் பார்த்த அறை ஒன்று.
சீசன் தொடங்கிய எட்டு நாளில்
ஆறு நாள் என்னால் உள்ளே போக முடியவில்லை.
கோயம்புத்தூர்க் குடும்பமும்
தேனிலவுக்கு வந்த சிவகாசி ஜோடியும்
ஒரே சாவிக்காக வாசலில் நின்றார்களாம்.

மோடத்துல எத்தனை விளக்கு?
"மூணு பச்சை, ஒண்ணு சிவப்பு."
பிடுங்கிச் சொருகு. முப்பது எண்ணு.
வாய்விட்டு எண்ணுகிறாள்.
பத்தொன்பதில் நாய் குரைக்க
மறுபடி ஒன்றிலிருந்து.
காட்டெருமை முதுகு தேய்த்துக் கம்பம் சாய்ந்ததையும்
லைன்மேன் வந்து
வயரைப் பார்க்காமல் எருமையைப் பார்த்துவிட்டுத்
திரும்பிப் போனதையும்
இடையிடையே சொல்கிறாள்.
பக்கத்து அறையில் அவளுடைய அண்ணன்
கிரிக்கெட்டின் சத்தத்தைக் கூட்டுகிறார்.

ஒருமுறை இணைந்தது,
இணைந்ததுமே கறுத்தது.
இங்க ஒண்ணும் தெரியல எமரென்சி.
"இங்கயும்தான் அண்ணி. கரண்ட் போச்சு."
பாகம் பிரித்த நாளுக்குப் பின்
இருவரும் சேர்ந்து சிரித்தது
அதற்குத்தான்.

எட்டேகாலுக்கு அவள் திரையில் கேள்வி வந்தது:
இன்னொருவர் இந்தக் கணினியை இயக்க அனுமதிக்கிறீர்களா?
"எதை அழுத்த?"
உனக்குத் தோணுறதை என்று சொல்ல வாயெடுத்து
அனுமதி என்றேன்.

ஒரே அம்புக்குறி, இரண்டு கைகள்.
நான் இடப்பக்கம் இழுக்க அவள் வலப்பக்கம்.
மவுசை விடு.
"விட்டுட்டேன் அண்ணி, கை தானா போகுது."
திரை முழுக்க அந்த வீடு, மழை கழுவிய ஓடு.
ஓரத்தில் ஒரு கோப்புறை: அண்ணன் பத்திரம்.
அம்பு அதன்மேல் போய் நின்றது.
நிறுத்தியது நானா அவளா,
இருவருக்கும் தெரியாது.
போனில் அவள் மூச்சு மட்டும்.
அமைப்புகளுக்குள் போனேன்.

கோளாறு பெரிதில்லை.
பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால்
தூங்கிவிடும்படி யாரோ வைத்திருந்தார்கள்.
ஆறு நாளும் அது அங்கேதான்
ஒரு குறையுமில்லாமல் தூங்கியிருக்கிறது.
'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினேன்.

நீ இல்லாதப்பவும் நான் வரணும்னா
ஒரு நிரந்தரக் கடவுச்சொல் வேணும் என்றேன்.
மேகம் இறங்கியிருக்க வேண்டும்,
போன் செத்தது.

கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை.
பிறகு அம்பு தானே நகர்ந்து
நோட்பேடைத் திறந்தது.
ஆங்கில எழுத்தில் தமிழ்,
ஒவ்வொரு விசையாய்த் தேடித் தேடி:
இருக்கீங்களா அண்ணி.
அடுத்த வரியில் நான்: இருக்கேன்.
அப்புறம் கடவுச்சொல்லை அடித்தாள்.
எழுதிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.
அவள் பங்குக்கு வராமல் போன
மேட்டு நிலத்தின் சர்வே எண் அது,
எட்டு வருடம் முன்பு
ஒவ்வொரு பக்கமாய் நான்தான் சரிபார்த்தேன்.
படித்திருப்பேன் என்று தோன்றியதும்
பின்னாலிருந்து ஒவ்வொன்றாய் அழித்தாள்.
மறக்க மாட்டீங்கல்ல.
மாட்டேன்.

இரவு பதினொன்று.
என் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி.
உள்ளே போக வேலையொன்றும் இல்லை.
இந்நேரம் ஸ்வெட்டரோடு படுத்திருப்பாள்.
அந்த அறையில் திரை மட்டும் விழித்திருக்கும்,
ஜன்னல் வழியே மரத்தில் கொஞ்சம் விழுந்தபடி.
வெளிச்சத்தையாவது குறைத்திருக்கலாம்.
அதற்கும் உள்ளே போக வேண்டும்.