ஐந்தும் இருபத்தைந்தும்

ஜனவரியில் எங்கள் மெயின் மாநிலத்து ஆற்றின்மேல்
லாரி ஓட்டிப் போகலாம்.
உள்ளே அச்சு எந்திரம் வாய் திறக்கும்போதெல்லாம்
சுட்ட களிமண் வாசனை, கொஞ்சம் ரப்பரும் சேர்ந்து.
என் மேசைக்கு வரும் போக்கர் சில்லுகளில்
சூடு இன்னும் முழுக்க இறங்கியிருக்காது.

முதலில் காது.
இரண்டை முட்டவிட்டால்
ஈர விறகு போல மொத்தென்று சொல்ல வேண்டும்.
கிணுங்கினால் தூக்கிப் போட்டுவிடுவேன்.
அடுத்தது கட்டைவிரல், பிசிறு தேடி விளிம்பைச் சுற்றி வரும்.
பிறகு கண்ணாடிப் பலகை:
நல்ல சில்லு விழுந்ததும் படுத்துவிடும்,
வயிறு தள்ளியது பம்பரமாகி
வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும்.

இருபதை அடுக்கினால்
பக்கத்து அடுக்கோடு தலை சமமாக நிற்க வேண்டும்.
சீட்டுப் போடுகிறவர்கள் எண்ணுவதில்லை,
உயரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதோடு சரி.
ஒவ்வொன்றும் மயிரிழை தடித்திருந்தால் போதும்,
இருபதாவது, வரிசைக்கு வெளியே தலை நீட்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம்
இங்கே செல்லாது.
ஒவ்வொரு பருக்கையையும் பார்க்கத்தான்
மணிக்குப் பத்தொன்பது டாலர்.

எல்லாக் கோணலும் சொத்தை அல்ல.
விளிம்பில் பதித்த மஞ்சள்
சிவப்புக்குள் கொஞ்சம் கசிந்துதான் இருக்கும்,
ஒரு நகக்கண் அளவு வரை விட்டுவிடுவேன்.
சூதாட்ட விடுதிகள் சந்தேகச் சில்லுகளை அனுப்பிக் கேட்பதுண்டு.
நிறங்களுக்கு நடுவே கத்தியால் கீறியதுபோல் கோடு இருந்தால்
'எங்களுடையது அல்ல' என்று எழுதிக் கையெழுத்திடுவேன்:
ஒடீல் பெல்ட்டியே, பரிசோதனை.

இப்படியெல்லாம் பேசுகிற எனக்கு
தெற்கு டகோட்டாவிலிருந்து ஒரு தொலைபேசி.
வெர்லின் ஹாக்ஸ்டட், விடுதியின் இரவு மேலாளர்,
தூக்கம் கெட்ட குரல்.
மார்வா கெட்லர் என்ற பெண்
ஒரே ஒரு சில்லைப் பந்தயத்தில் தள்ளியிருக்கிறாள்.
மேலே இருபத்தைந்து.
எதிரே ஓரின் என்ற மாட்டுப் பண்ணைக்காரர்
இருபத்தைந்து வைத்து, தோற்று,
அவள் அதை வாரி எடுக்கும்போது பார்த்திருக்கிறார்:
அடியில் ஐந்து.

"உடம்பு சிவப்பு," என்றேன், "சிவப்பு என்றால் ஐந்துதான்."
"அதையேதான் ஓரினும் சொல்கிறார்.
கண்ணுக்குத் தெரிந்ததுதான் பணம் என்கிறாள் அவள்."
தகராறு மூக்கு உடையும்வரை போகாமல்
வெர்லின் ஓரினுக்கு இருபது டாலர் கொடுத்து
பில்லை எங்களுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தத் தட்டின் தாளைத் தேடி எடுத்தேன்.
நவம்பர் பதினொன்று, என் பென்சில் டிக்.
அன்றைக்கு ஹீட்டர் எண்ணெய்க்காரன்
பாக்கி கேட்டு அழைத்திருந்தான், இருநூற்று எண்பது.
ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதை
அடுக்கோடு புரட்டியிருக்கிறேன்.
அடுக்கின் நடுவில் இருப்பதற்கு முகம் ஏது?

அந்த இருபது டாலர் பில்லை
மேற்பார்வையாளர் ரெயால்
என் விளக்குக்கு நேர்கீழே ஒட்டிவைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

சில்லு திரும்பி வந்தால்
இரண்டு சாட்சி வைத்து அரைக்க வேண்டும், அதுதான் விதி.
வரவில்லை.
இப்படிப்பட்ட செல்லாக்காசுக்குச் சேகரிப்பவர்கள்
நானூறு டாலர் தருவார்களாம்.
மார்வா பணமாக மாற்றாமல்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.
என்னிடம் இருப்பது இரண்டு புகைப்படம்.
படத்தில் கட்டைவிரலை வைத்து என்ன செய்ய?

பிப்ரவரியில் எண்ணைத் தேடிப் பிடித்து அவளை அழைத்தேன்.
"திருப்பித் தரமாட்டேன்," என்றாள் எடுத்த எடுப்பில்.
"வேண்டாம். இன்னொரு சில்லு இருக்கிறதா?
இரண்டையும் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து முட்டுங்கள்."

அவள் பக்கத்தில் நாய் ஒன்று குரைத்து அடங்கியது.
இழுப்பறை திறக்கும் சத்தம்.
பிறகு மொத்தென்று ஒரு சொல்.

"இன்னொரு தடவை," என்றேன்.
மொத்.

நன்றாகத்தான் வெந்திருக்கிறது.