நாற்பத்தேழாம் எண்ணின் தண்ணீர்க் கணக்கு

வின்னிபெக்கின் கிழக்கு ஓரம்,
ரயில் பணிமனைக்குத் தெற்கே
ஒரே அச்சில் வார்த்த அறுபத்திரண்டு வீடுகள்.
எனக்கு அவற்றின் முகம் அவ்வளவாகத் தெரியாது.
இடுப்பு தெரியும்.
சமையலறை ஜன்னலுக்குக் கீழே
குனிந்தால் தட்டுப்படும் கறுப்புப் பெட்டி,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
அதன் காதோரம் என் கருவியை வைப்பேன்.
எத்தனை கன மீட்டர் என்று சொல்லும்.
வேறெதுவும் சொல்லாது என்றார்கள் பயிற்சியில்.

சொல்லும்.
முப்பத்தொன்பதில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததை
துவைக்கும் இயந்திரம் வழியாக
எனக்குத்தான் முதலில் சொன்னது.
ஐம்பத்தொன்றில் டைக் தம்பதி பிரிந்ததை
சரிபாதியான ஓர் எண் சொன்னது.
அடுத்த வருடம் அவள் திரும்பி வந்ததையும்:
பழைய எண் அல்ல,
அதில் முக்கால்.
கோபம் முழுக்க ஆறவில்லை போலிருக்கிறது.

நாற்பத்தேழு, ஓரெஸ்ட் ஹ்னாத்யூக்.
உடைந்த பாட்டில் சில்லு பதித்த காரைச் சுவர்,
வெயில் சாய்ந்தால் பச்சையும் பழுப்புமாக மினுங்கும்.
முப்பது வருடம் ரயில் பெட்டிகளுக்குப் பற்றவைத்தவர்.
காலாண்டுக்கு ஏழு கன மீட்டர்.
எட்டு என்றோ ஆறு என்றோ
ஒருநாளும் பார்த்ததில்லை.
பனி அள்ளினாலும் அப்படித்தான்,
தன் எல்லைக்கு மேல் ஓர் அங்குலம் போகமாட்டார்.
நாற்பத்தொன்பது மாரிவிக் வேலைக்குப் போயிருந்தால்
அவர் மண்வாரி நின்ற இடத்தில்
அவள் பக்கத்துப் பனி
வெட்டிவைத்த கேக் மாதிரி நிற்கும்.
என்னைக்கூட ஒருமுறை அதட்டினார்,
புல்லை மிதித்தேனாம்.
மிதித்தேன்தான்.

அக்டோபரில் இறந்துபோனார்.
மகன் கால்கரியிலிருந்து வந்தான்,
பூட்டினான்,
பனி உருகியதும் விற்கலாம் என்று போய்விட்டான்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பேனா எழுதவில்லை.
மூச்சு இமையில் ஒட்டிக் கட்டியாகிறது.
ஆளில்லாத வீடு, பூஜ்யம்தான் என்று
படிக்கும் முன்பே மனதில் எழுதியாயிற்று.

பெட்டி சொன்னது: பதினொன்று.

உயிரோடு இருந்தவரை
அவர் தொட்டுப் பார்க்காத எண்.

கசிவு.
விதிப்படி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.
ஃபோன் எடுக்கக் கையுறையைக் கழற்றும்போதுதான்
சுற்றிலும் பார்த்தேன்.
வாசல் வரை பனி அள்ளியிருக்கிறது.
கார் நிற்கும் தளத்தில் புது டயர்த் தடம்.
குப்பைத் தொட்டி தெருவுக்கு வந்திருக்கிறது,
மூடி இடுக்கில் பிதுங்கும் டயப்பர்.
எழுபத்தெட்டு வயதில் இறந்தவருக்கு
டயப்பர் எதற்கு?
முப்பத்தொன்பதைத் திரும்பிப் பார்த்தேன்.
ஜன்னலில் யாரோ கையசைத்துவிட்டுத்
திரையை இழுத்துக்கொண்டார்கள்.

இரவுப் பணி முடித்து இறங்கிய மாரிவிக்,
மருத்துவமனை அட்டை இன்னும் கழுத்தில்,
கேட்கும் முன்பே ஒப்புக்கொண்டாள்.
“நான்தான் திறந்து வைத்திருக்கிறேன்.
நூல் கனத்துக்கு, அவ்வளவுதான்.
ஓடாத தண்ணீர் மண்ணுக்குள்ளேயே உறைந்துபோகும்,
குழாய் வெடித்தால் என் அடித்தளமும் சேர்ந்து நனையும்.”
சாவி?
“அவர் கொடுத்தது. பதினோரு வருடமாயிற்று.
எதற்கென்று கேட்டேன்.
கேள்வி கேட்காமல் வைத்துக்கொள் என்று
கதவைச் சாத்திக்கொண்டார்.”

அவள் சொன்னதில் முதல் பாதி
அடித்தளத்தைப் பற்றியது.
நம்புகிறேன்.
ஐந்து மணிக்கு அங்கே விளக்கு எரிவதற்கும்
அடித்தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று
நான் கேட்கவில்லை.
என் படிவத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு:
கசிவு, பழுது, ஆளில்லை.
எதுவும் பொருந்தவில்லை.
பேனா எழுதாதது நல்லதாயிற்று.

கிளம்பும்போது கவனித்தேன்.
அவர் பாதையையும் தன் பாதையையும்
முழுக்க அள்ளியிருந்தவள்
நடுவே, சரியாக எல்லையில்,
ஒரு சாண் அகலப் பனியை
அப்படியே விட்டு வைத்திருந்தாள்.
“அது இல்லாவிட்டால்
மனுஷனுக்குத் தூக்கம் வராது,” என்றாள்.

அதைத் தாண்டித்தான் நாற்பத்தொன்பதுக்குப் போக வேண்டும்.
காலை உயரத் தூக்கி வைத்தேன்,
மிதிக்காமல்.